அங்கத்த மாதிரி

கண் கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள்.
டிலக்சனாவுக்கு அன்றைக்குக் கண்டி
தண்ணீருக்குள் கிடந்த கண்டி.
மணிக்கூண்டுக்குப் பின்னால் இறங்கும் சந்தில்
கொத்துக்கடைத் தகடு ஒரு பக்கம் அலற,
லொத்தர்க்காரர் கோடி கோடியாய்க் கூவ,
நடுவில் புதுசாய் ஒரு பலகை:
மலேசியச் சாப்பாடு. மாடியில் இடமுண்டு.

நான்தான் நின்றேன்.
அவர் கம்பளை பஸ்ஸைப் பார்த்தார்.
"நாலு வருஷம் நீங்க தின்னத
நாங்க ஒரு நாள் திங்கிறோமே"
என்றதும் குடையை மடக்கினார்.

கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை.
அங்கே ராத்திரி பதினொன்று, இங்கே எட்டரை.
எங்கள் லயத்தில் சிக்னல் எடுக்காது,
பீலிக்கரைக்கு ஏறிப் போய் நிற்பேன்.
சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன்.
என்ன? நாசி லெமாக்.
நாசி என்றால் மூக்குதானே,
மூக்கையா தின்கிறீர்கள் என்று கேட்டு
முதல் மாதம் முழுக்கச் சிரித்தோம்.
சம்பல் கொஞ்சம் இனிக்கும் என்பார்.
நெத்தலி மொறுமொறுன்னு இருக்கும் என்பார்.
எனக்கு வாயூறும்.
காலில் அட்டை ஏறுவது தெரியாது.

மாடியில் ஆறு மேசை.
பிள்ளைக்கு எழுத்தெல்லாம் கலங்கிற்று.
"அப்பா, நீங்க வாசிங்க."
அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்:
மீ... கோரெங். ரொட்டி... சானாய்.
விலைகளைத்தான் தடக்கமில்லாமல் வாசித்தார்.

வாழையிலைத் துண்டில்
கிண்ணம் கவிழ்த்த வெள்ளைச் சோறு,
பாதி முட்டை, நிலக்கடலை,
ஓரத்தில் வெள்ளரிக்காய்.
முதல் வாயை வைத்தவர்
"அட, தேங்காப்பால்ல வேக வச்சிருக்காங்க" என்றார்.

கொத்துத் தகடு அந்நேரம் பார்த்து நின்றிருந்தது.

நான் வெள்ளரிக்காயைப் பார்த்தேன்.
கண்ணாடி மாதிரி சீவியிருந்தார்கள்,
இலையின் பச்சை அதற்குள்ளால் தெரிந்தது.
மாதம் பிந்தாமல் வந்த காசு
கூரைத் தகரமானது, டியூசனானது,
சீட்டுக் கட்டி ஒரு சோடித் தோடானது.
எந்த மாதமும் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.
ஏன் குறையவில்லை என்று
பீலிக்கரையில் நான் கேட்டதுமில்லை.

"எங்கப்பா மலேசியாவுல இருந்தவரு!"
கண் தெரியாத பிள்ளை
கடைக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டாள்.

முதலாளி துவான் சப்ராஸ் ஓடி வந்தார்.
கண்டியில் பிறந்த மலாய்க்காரர்,
அடுப்புச் சூட்டில் காது சிவந்திருந்தது.
"மெய்யாவா? நான் அங்கிட்டுப் போனதே இல்ல.
உம்மா சொன்னது பாதி, ஃபோன்ல பாத்தது பாதி.
ஒளிக்காமச் சொல்லுங்க,
அங்கத்த மாதிரி இருக்கா?"

இவர் விரலில் ஒட்டிய சோற்றை
மெதுவாகத் துடைத்தார்.
அவர் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.
பரீட்சை மண்டபத்தில் இரண்டு பிள்ளைகள்,
இரண்டு பேருக்கும் விடை தெரியாது.

நான் சொன்னேன்:
"அங்க சம்பல் இன்னும் கொஞ்சம் இனிக்கும்.
நெத்தலி இத விட மொறுமொறுன்னு இருக்கும்."

துவான் சப்ராஸ் தலையாட்டித் தலையாட்டி
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.
"இப்புடிச் சொல்லத்தான் ஆளில்ல, தங்கச்சி."

தே தாரிக் முந்நூற்றைம்பது ரூபாய்.
நாள் முழுக்கக் கொழுந்தில் கிடக்கிறவளுக்கு
காசு கொடுத்துத் தேத்தண்ணியா, வேண்டாம் என்றேன்.
என் விமர்சனத்துக்குக் கூலியாய் அதுவே வந்தது.
மேலே ஒரு கை, கீழே ஒரு கை,
நடுவில் நுரைத்து நீள்கிற தேத்தண்ணி.
"அம்மா, ரெண்டு கயிறு தெரியுது."
ஒன்றுதான் என்றேன்.

புசல்லாவை பஸ்ஸில் நிற்கத்தான் இடம்.
கம்பளையில் ஆட்கள் இறங்க உட்கார்ந்தோம்.
டிலக்சனா என் மடியில் தூங்கிப்போனாள்.
மழை. கண்ணாடி முழுக்க ஆவி.
வெளியே பார்க்க ஒன்றுமில்லை,
ஆனாலும் வெளியே பார்த்துக்கொண்டு
அவர் சொன்னார்:
"மேகி."

"முட்டை போட்டா?"

"சம்பள நாள்ல."